கூரையில் ஒரு ஜன்னல்

நாமக்கல்லுக்குப் போகிறவர்கள் மலைக்கோட்டையைப் பார்த்துவிட்டு, அடிவாரத்து ஆஞ்சநேயரைத் தரிசிக்காமல் திரும்புவதில்லை. பதினெட்டு அடி உயரமுள்ள அந்த மூர்த்திக்குத் தலைக்குமேல் கூரை கிடையாது. சித்திரை வெயிலையும் ஐப்பசி மழையையும் திறந்த வானத்தின்கீழ் நின்றபடியே அவர் ஏற்றுக் கொள்ளுகிறார். எதிரே மலையைக் குடைந்த கோயிலில் எழுந்தருளியிருக்கும் நரசிம்மரை நோக்கிக் கைகூப்பி நிற்கிறவருக்குக் கூரையைப் பற்றிய கவலை எதற்கு என்று பக்தர்கள் கேட்பார்கள்.

நம்மைப் போன்ற சாமானியர்களின் சமாசாரம் வேறு. நமக்குக் கூரை வேண்டியிருக்கிறது. நாம் ஏறிச் செல்லும் மோட்டார் வண்டிக்கும் அது வேண்டியிருக்கிறது. அந்தக் கூரையில் ஓர் ஓட்டையை நாமே விலை கொடுத்து வாங்கிக் கொண்டு, பிறகு அதை அடைப்பதற்கும் விலை கொடுத்தால் என்ன நேரும்? சேலத்தில் என் நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததை இந்த வாரம் சொல்லுகிறேன். வீட்டில் பழைய வண்டி வைத்திருக்கும் நேயர்களுக்கு இது பிரயோசனப்படலாம். வண்டியே இல்லாத நேயர்களும் இதைப் படித்து நஷ்டமடைய மாட்டார்கள்.

நண்பரின் தமையனார் இங்கிலாந்தில் வெகு காலம் வைத்தியராக இருந்தவர். தாய்நாடு திரும்பியபோது, அங்கே ஆசையோடு வாங்கிய இரண்டு கதவுள்ள ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றையும் கப்பலில் ஏற்றிக் கொண்டு வந்தார். 1986-ம் வருஷத்து வண்டி. அதைச் செய்த கம்பெனியின் பெயரை இங்கே சொல்ல வேண்டியதில்லை. தரையோடு தரையாகத் தாழ்ந்து, மூக்கு நீண்டு, பாய்வதற்குப் பதுங்கிய பூனையைப் போல் இருக்கும். அதன் கூரையில், முன் ஆசனங்களுக்கு நேர் மேலே, கண்ணாடி பதித்த சதுரக் கதவு ஒன்று உண்டு. அதைத்தான் இக்காலத்தில் 'சன்ரூஃப்' என்று சொல்லுகிறார்கள்.

தமையனார் சில வருஷங்களுக்கு முன் காலமாகி விட்டார். வண்டி தம்பியின் பொறுப்புக்கு வந்தது. அதை விற்றுவிடும்படி பலர் யோசனை சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. அண்ணாவின் கை பட்ட ஸ்டீரிங்கை அன்னியர் கையில் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

* * *

கூரையில் ஜன்னல் வைக்கும் யோசனை குளிர் தேசங்களில் பிறந்தது. வருஷத்தில் பாதி நாள் சூரியனைக் காணாதவர்கள், அவன் தலை காட்டுகிற அரை மணி நேரத்தையும் வீணாக்காமல் இருப்பதற்காகக் கூரையைத் திறந்து கொண்டார்கள். 1920-களிலேயே இங்கிலாந்தில் நகர்த்தித் திறக்கும் கூரைகள் வந்துவிட்டன. அவர்களுக்கு அது நியாயம். சேலத்தில் பங்குனி பிறந்தால் நாம் சூரியனை வேண்டி அழைப்பதில்லை. எங்கே ஒளிந்து கொள்ளலாம் என்றுதான் பார்க்கிறோம். ஆயினும் இன்று நம் தேசத்தில் புது வண்டி வாங்குகிறவர்களில் பலர், இஞ்சினைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் சன்ரூஃப் உண்டா என்று கேட்கிறார்கள். ஓடும் வண்டியில் குழந்தைகளை அதன் வழியாக நிற்க வைத்து வேடிக்கை பார்க்கிற பெற்றோரையும் காண்கிறோம். திடீரென்று பிரேக் போட்டால் என்ன ஆகும் என்பதை அந்தப் பெற்றோர் ஒரு நிமிஷம் யோசித்தால் நல்லது.

நண்பரின் கஷ்டம் மழையில் ஆரம்பித்தது. ஓர் ஐப்பசி மாதத்து மாலையில் ஏற்காட்டு மலையிலிருந்து மேகம் இறங்கி ஊரை நனைத்தது. மறுநாள் காலையில் வண்டியைத் திறந்தால், காலடியில் இரண்டு விரற்கடை தண்ணீர்! ஆசனத்து மெத்தையும் கூரையின் உட்துணியும் நனைந்து வீச்சம் எடுத்தன.

இந்த இடத்தில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். சன்ரூஃபைச் சுற்றியுள்ள ரப்பர் தண்ணீரை முழுவதும் தடுப்பதற்காக வைக்கப்பட்டது அல்ல. கொஞ்சம் தண்ணீர் உள்ளே இறங்கத்தான் செய்யும் என்பதைச் செய்தவர்களே அறிவார்கள். அதனால் கண்ணாடிக்கு அடியில், சுற்றிலும் ஒரு தொட்டி மாதிரி தகடு வைத்து, பெரும்பாலும் அதன் மூலைகளிலிருந்து மெல்லிய வடிகுழாய்களை விட்டிருப்பார்கள். முன்பக்கக் குழாய்கள் முன் கண்ணாடியின் ஓரத்துத் தூண்களுக்குள் இறங்கும். பின்பக்கத்தவை பின் தூண்களுக்குள் இறங்கும். விழுந்த தண்ணீர் அவற்றின் வழியாக ஓடி வண்டிக்கு அடியில் சொட்டிவிடும். வீட்டு மொட்டை மாடிக்கு வைக்கும் தூம்புக் குழாயின் தத்துவந்தான்.

குழாய் அடைபட்டால் மாடி என்ன ஆகிறதோ, அதுவே வண்டிக்கும் ஆகிறது. நம் சமவெளியில் மாசி முதல் வைகாசி வரையில் புழுதி. புளிய மரத்தின் நிழலில் வண்டியை நிறுத்தினால் பொடி இலை. வெயிலில் ரப்பர் காய்ந்து கல்லாகிறது. புழுதியும் இலையும் சேர்ந்து குழாயின் வாயை அடைத்து விடுகின்றன. தொட்டியில் நிற்கும் தண்ணீர் ஒரு பக்கம் உள்ளே வழிகிறது. மற்றொரு பக்கம் தகட்டைத் துருவாக்கித் தின்கிறது. வருஷத்துக்கு இரண்டு தடவை தொட்டியைத் துடைத்து, மெல்லிய நைலான் கயிற்றைக் குழாய்க்குள் விட்டுச் சுத்தம் செய்து வந்தால் இந்தத் தொந்தரவில் பெரும் பாகம் வராது. புது வண்டிக்காரர்கள் இதை மட்டுமாவது ஞாபகத்தில் வைத்துக் கொள்ளட்டும்.

நண்பரின் வண்டிக்கு இந்த யோசனை காலங் கடந்தது. தொட்டியின் இரண்டு மூலைகள் கை பட்டதும் உதிர்ந்தன. கூரைத் தகட்டிலும் ஓட்டையின் விளிம்பு நெடுகத் துரு ஏறியிருந்தது. புதுத் தொட்டிக்கும் ரப்பருக்கும் வெளிநாடுகளுக்கு எழுதிப் பார்த்தார். கிடைக்கவில்லை. "இந்த ஜன்னலே வேண்டாம், மூடிவிடுவோம்" என்று தீர்மானித்தார்.

* * *

மூடுவது சுலபம் என்று அவர் நினைத்தார். ஒரு நகரத்துப் பட்டறையிலும் அப்படித்தான் சொன்னார்கள். எந்த நகரம், எந்தப் பட்டறை என்பது நமக்கு அனாவசியம். ஐந்து நாளில் வேலை முடிந்தது. தொட்டியையும் அதைத் தாங்கிய சட்டத்தையும் கழற்றி எறிந்தார்கள். ஓட்டையைவிடச் சற்றுப் பெரிய தகட்டை மேலே வைத்து நாற்புறமும் ஒரே மூச்சில் பற்றவைத்தார்கள். பட்டியைக் கனமாகப் பூசித் தேய்த்து, பளபளவென்று வர்ணம் அடித்தார்கள். பார்ப்பதற்குக் கண்ணாடி போல் இருந்தது. நண்பர் பணத்தைக் கொடுத்துவிட்டுச் சந்தோஷமாக வீடு திரும்பினார்.

சந்தோஷம் நான்கு மாதம் நீடித்தது. வெயில் ஏற ஏறக் கூரையில் ஒரு சதுரக் கோடு மெதுவாகத் தெரிய ஆரம்பித்தது. பிறகு அந்தக் கோட்டில் மயிரிழைபோல வெடிப்பு விட்டது. வேகமாகப் போனால் கூரை தம்பட்டம் அடித்தது. உள்ளங்கையால் அழுத்தினால் 'டொப்' என்று உள்ளே போய், கையை எடுத்ததும் 'டொப்' என்று வெளியே வந்தது. அடுத்த மழைக்கு மறுபடியும் காலடியில் தண்ணீர்!

நண்பர் என்னிடம் வந்து, "ஜன்னல் இருந்தபோது தண்ணீர் வந்தது. ஜன்னலை மூடிய பிறகும் தண்ணீர் வருகிறது. முன்னேயாவது காற்று வந்தது!" என்றார். சிரிப்பதா, அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற மேஸ்திரி ஒருவரை எனக்குத் தெரியும். "அவரிடம் காட்டுவோம், வாரும்" என்று அழைத்துக் கொண்டு புறப்பட்டேன்.

* * *

1997 ஜனவரி முதல் நாமக்கல் தனி ஜில்லா. அதற்குமுன் சேலத்தின் பாகமாக இருந்தது. முட்டைக்கும் லாரிக்கும் பாரத தேசம் முழுவதும் பெயர் பெற்ற ஊர். லாரி என்றால், அதை ஓட்டுவதும் வைத்திருப்பதும் மட்டும் அல்ல; கட்டுவதும் சேர்ந்தது. அந்த வட்டாரத்துச் சாலையில் போகிறவர்கள் ஒரு விசித்திரக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். நான்கு சக்கரமோ பத்துச் சக்கரமோ உள்ள வெறும் சட்டம் ஒன்று, முன்னால் இஞ்சினும் முகப்புத் தகடும் மட்டுமாக வரும். கதவு இல்லை, கூரை இல்லை. டிரைவர் துண்டினால் தலையையும் முகத்தையும் சுற்றிக் கட்டிக் கொண்டு, வெயிலிலும் காற்றிலும் அதை ஓட்டி வருவார். ஆலையிலிருந்து அப்படி வந்து சேர்கிற எலும்புக் கூட்டுக்குச் சதையும் தோலும் வைத்து, டிரைவர் உட்காரும் அறையும் சரக்கு ஏற்றும் தொட்டியும் கட்டி, வர்ணம் தீட்டிப் பொட்டும் வைத்து அனுப்புகிறவர்கள் நாமக்கல், திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பட்டறைக்காரர்கள். ஒன்றும் இல்லாத இடத்தில் கூரை வைப்பதே அவர்களுடைய தொழில்.

மேஸ்திரிக்கு அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். வண்டியைச் சுற்றி ஒரு தடவை வந்தார். கூரையை விரல் முட்டியால் நாலைந்து இடங்களில் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். தேங்காய் வாங்குகிறவர் தட்டிப் பார்ப்பாரே, அதுபோல.

"ஏனுங்க, இதுக்குள்ள ஒரு குறுக்குச் சட்டங்கூட இல்லீங்களே? எங்கீங்க போச்சு?" என்று கேட்டார்.

"தொட்டியோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள்" என்றார் நண்பர்.

"அப்ப இது கூரை இல்லீங்க, மூடி. சோத்துச் சட்டிக்கு மூடி போட்டாப்பல போட்டு வெச்சிருக்காங்க. துணி கிழிஞ்சா ஒட்டுப் போடலாமுங்க. இத்தனாம் பெரிய ஓட்டைக்குத் தகட்டை மேலால வெச்சு ஒட்டுப் போட்டா நிக்காதுங்க."

பிறகு காரணத்தையும் அவர் விளக்கினார். நான் புரிந்து கொண்ட வரையில் அதைச் சொல்லுகிறேன்.

கூரைத் தகடு ஒரு மில்லி மீட்டருக்கும் குறைந்த கனமுள்ளது. பார்வைக்குச் சமதளமாகத் தோன்றினாலும் நாற்புறமும் மிக லேசாக வளைந்தது. அந்த வளைவுதான் அதற்குப் பலம். நீளமாக ஒரே ஓட்டத்தில் பற்றவைத்தால் சூட்டினால் விரிந்து, ஆறும்போது சுருங்கி, நடுப்பாகம் தொப்பை போடுகிறது. ஒரு தகட்டின்மேல் இன்னொரு தகட்டை ஏற்றி வைத்தால், இரண்டுக்கும் இடையிலுள்ள சந்தில் ஈரம் புகுந்து துரு பிடிக்கிறது. பட்டியும் இரும்பும் வெயிலில் ஒரே அளவில் விரிவதில்லை. ஆகையால் கோடு தெரிகிறது, வெடிக்கிறது. போதாக்குறைக்கு, ஓட்டையுள்ள கூரைக்குப் பலமாக ஆலையில் வைத்திருந்த சட்டத்தையும் எடுத்தாகி விட்டது. ஓட்டையில்லாத கூரைக்கு இருக்க வேண்டிய குறுக்கு வளைவுகளையும் வைக்கவில்லை. இரண்டுங் கெட்டான் நிலைமை!

"வேறு என்ன செய்யலாம்?" என்று கேட்டேன்.

"மூணு வழி இருக்குதுங்க" என்றார் மேஸ்திரி.

முதல் வழி, ஓட்டையின் விளிம்புக்குள் அச்சாகப் பொருந்தும் தகட்டை வளைவு தட்டி எடுத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து, ஓர் இடத்தில் ஒரு பொட்டு, ஆறிய பிறகு தூரத்தில் மற்றொரு பொட்டு என்று பொறுமையாகப் பற்றவைப்பது. சின்ன ஓட்டைக்கும் துருவில்லாத தகட்டுக்கும் அது போதும். இரண்டாவது வழி, அதே மாதிரி வண்டியில் சன்ரூஃப் இல்லாதது ஒன்று விபத்தில் அடிபட்டுக் கிடந்தால், அதன் கூரையை முழுசாக எடுத்து இதற்கு வைப்பது. அதுவே உத்தமம், அயல் நாடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் இந்த வண்டிக்கு ஜோடி வண்டியை எங்கே போய்த் தேடுவது? மூன்றாவது வழி, கூரைத் தகட்டை முழுவதும் கையாலேயே புதிதாகச் செய்வது.

நண்பர் ஒரு கேள்வி கேட்டார்: "சேலத்திலேயே, கஞ்சமலைக்குப் பக்கத்தில், துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டுகிறார்களே! அதைப் போட்டால் துருத் தொல்லையே இருக்காதே?"

சேலம் உருக்காலையில் 1981 முதல் அத்தகடு உருண்டு வருகிறது என்பது வாஸ்தவம். நமக்கெல்லாம் அதில் பெருமையும் உண்டு. ஆயினும் மேஸ்திரி தலையை அசைத்தார். "அது பாத்திரத்துக்கு நல்லதுங்க. சுத்தியல் பட்டா முரடாப் போயிரும். நம்ம சொன்ன பேச்சைக் கேக்காது. அதைச் சாதா இரும்போட சேத்து வெச்சா, ஈரம் பட்டதும் பக்கத்துல இருக்கிற சாதா இரும்புதானுங்க முன்னால துருப் புடிக்கும்" என்றார். ரசாயனப் புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதும் விஷயத்தை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

* * *

கூரை முழுவதையும் ஒரே தகட்டில் செய்வது என்பது இன்று சாதாரணமாகத் தோன்றுகிறது. மோட்டார் வண்டி பிறந்து வெகு காலம் வரையில் அது சாத்தியமாகவே இல்லை. அவ்வளவு அகலமான தகட்டை உருட்ட எஃகு ஆலைகளால் முடியவில்லை. ஆகையால் மூடிய வண்டிகளுக்கும் கூரையின் நடுப்பாகத்தை மரச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, தண்ணீர் இறங்காத பூச்சுப் பூசி மூடினார்கள். அகலத் தகடு கிடைத்த பிறகு, 1935-ம் வருஷத்து வண்டிகளில்தான் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி முழு எஃகுக் கூரையைக் கொண்டு வந்து, அதைப் பெரிய அதிசயமாக விளம்பரப்படுத்தியது. பணக்காரர்கள் ஒரு காலத்தில் ஓட்டையில்லாத கூரைக்காகப் பணம் கொடுத்தார்கள். இப்போது ஓட்டைக்காகக் கொடுக்கிறார்கள். உலகம் சுழல்கிறது என்பதில் சந்தேகமில்லை.

கூரை வெயிலையும் மழையையும் தடுப்பதோடு நிற்பதில்லை. வண்டியின் இரண்டு பக்கத்தையும் இறுகப் பிடித்து வைத்திருப்பது அது. வண்டி தலைகீழாகப் புரண்டால் உள்ளே இருப்பவர்களின் தலையைக் காப்பாற்ற வேண்டியதும் அது. வண்டியின் எடையில் ஒன்றரைப் பங்கு சுமையைக் கூரை தாங்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1973-ல் விதி அமுலுக்கு வந்தது. 2009-ல் பல வண்டிகளுக்கு அதை மூன்று பங்காக உயர்த்தினார்கள். பந்தயக்காரர்கள் சன்ரூஃபைக் கழற்றி எறிவதற்கும் காரணம் உண்டு. கண்ணாடி, மோட்டார், சட்டம் ஆகியவற்றின் பளு வண்டியின் உச்சியில் உட்கார்ந்து கொண்டு, வளைவுகளில் வண்டியைச் சாய்க்கப் பார்க்கிறது. அதோடு, தலைக் கவசம் அணிந்தவருக்கு அந்தத் தொட்டி இடிக்கிறது.

இவ்வளவு முக்கியமான அங்கத்தில் கை வைப்பதற்கு முன்னால் சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வண்டியில் மாறுதல் செய்வதைக் கட்டுப்படுத்துகிறது. தயாரித்தவர் நிர்ணயித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பளித்திருக்கிறது. ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவு செய்துகொள்ள 2021-ல் ஏற்பட்ட விதியும், அவை பெரிய மாறுதலின்றி ஆதி உருவத்திலேயே இருக்க வேண்டும் என்கிறது. நண்பர் முதல் தடவை இதையெல்லாம் யோசிக்கவில்லை. இந்தத் தடவை முன் ஜாக்கிரதையாக இருந்தார். அதே மாடலைத் தயாரித்தவர்களே சன்ரூஃப் இல்லாமலும் விற்றிருக்கிறார்கள் என்பதைக் காட்டும் பழைய கையேட்டை வைத்து, போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டார். எழுத்து மூலம் பதில் வந்த பிறகே வண்டியைப் பட்டறையில் விட்டார். இதே காரியத்தைச் செய்ய விரும்பும் நேயர்களும் முதலில் கேட்டு விடுவது உத்தமம். வெட்டிய பிறகு கேட்டால், பதில் வேறு விதமாக இருக்கலாம்.

* * *

வேலைக்கு இரண்டு மாதம் பிடித்தது. நான் மூன்று தடவை போய்ப் பார்த்தேன்.

முதலில் பாட்டரியைக் கழற்றினார்கள். முன் பின் கண்ணாடிகள், ஆசனங்கள், உட்துணி எல்லாவற்றையும் எடுத்தார்கள். உட்துணியில் ஒரு பொறி விழுந்தால் வண்டி முழுவதும் போய்விடும் அல்லவா? பிறகு வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கதவுகளை மூடி, உள்ளே இரும்புக் குழாய்களைக் குறுக்கும் நெடுக்குமாக முட்டுக் கொடுத்தார்கள். கூரையை எடுத்ததும் பக்கங்கள் ஒரு நூல் விலகினாலும் கதவு மூடாது. மூலைக்கு மூலை அளந்து, அளவுகளைச் சுவரில் சாக்கட்டியால் எழுதினார் மேஸ்திரி. அதற்குப் பிறகுதான், ஓரங்களில் ஆலையில் வைத்த ஸ்பாட் வெல்டிங் பொட்டுகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டு விடுவித்து, பழைய கூரையைக் கிழியாமல் தூக்கினார்கள்.

பழைய கூரையின் வளைவை ஓரிரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக அட்டையில் வெட்டி எடுத்துக் கொண்டார்கள். எட்டடிக்கு நாலடித் தகடு ஒன்று வந்தது. மணல் மூட்டையின்மேல் அதைப் போட்டு, கொட்டாப்புளியால் மேஸ்திரி தட்ட ஆரம்பித்தார். பலமாக ஓர் அடியும் இல்லை. மெதுவாக, ஒரே சீராக, நடுவிலிருந்து ஓரத்துக்குப் போய், ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தார். அவ்வப்போது கண்ணை மூடிக் கொண்டு தகட்டின்மேல் உள்ளங்கையை ஓட்டுவார். "கண்ணு ஏமாத்துமுங்க, கை ஏமாத்தாது" என்றார். ஒன்பது நாள் கழித்து அட்டைகளை வைத்துப் பார்த்தபோது, தகட்டுக்கும் அட்டைக்கும் நடுவே வெளிச்சம் தெரியவில்லை.

குறுக்கு வளைவுகள் இரண்டை முதலில் வைத்தார்கள். தகடுகள் சேரும் இடங்களில் துத்தநாகம் கலந்த பூச்சைத் தடவி, புதுக் கூரையை ஏற்றி, பழைய பொட்டுகள் இருந்த இடத்திலேயே பற்றவைத்தார்கள். கூரைக்கும் குறுக்கு வளைவுக்கும் இடையே மெத்தென்ற பசையை வைத்தார்கள். அதனால் தம்பட்டச் சத்தம் அடங்கியது. வர்ணத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம் குழாயிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சினார்கள். உள்ளே ஒரு பையனைக் காகிதமும் கையுமாக உட்கார வைத்தார்கள். காகிதம் நனையவில்லை. பழைய வடிகுழாய்களின் வாய்களை மேலும் கீழும் அடைப்பதற்கும் மேஸ்திரி மறக்கவில்லை.

பட்டி? மயிரிழைக் கனம். அவ்வளவுதான்.

* * *

வண்டி வீட்டுக்கு வந்த அன்று ஒரு சங்கடம் நேர்ந்தது. நண்பருக்கு மனத்தில் ஓர் உறுத்தல் இருந்து கொண்டே இருந்திருக்கிறது. அண்ணா பிரியமாக வைத்திருந்த ஜன்னலை அடைத்து விட்டோமே, அண்ணி என்ன நினைப்பாரோ என்று. கழற்றிய கண்ணாடிக் கதவைத் துடைத்து எடுத்துக் கொண்டு போய் அந்த அம்மாளின் முன்னால் வைத்து, "அண்ணி, மன்னிக்க வேணும்" என்றார்.

அந்த அம்மாள் முதலில் பேசவில்லை. பிறகு சிரித்து விட்டார். "எதுக்குத் தம்பி மன்னிப்பு? ஊருக்கு வந்தப்புறம் உங்க அண்ணா இதை ஒரே ஒரு தடவைதான் தொறந்தார். ஏற்காட்டு உச்சியிலே மேகத்தைக் காட்டறேன்னு தொறந்தார். அப்புறம் மூட வரலே. மழை பிடிச்சுக்கிட்டுது. இருபது கொண்டை ஊசி வளைவும் ரெண்டு பேரும் நனைஞ்சுக்கிட்டே இறங்கினோம். இதை மூடிடணும்னு வருஷா வருஷம் சொல்லிக்கிட்டே இருந்தார். நீங்கதான் மூடியிருக்கீங்க" என்றார்.

சொல்லிவிட்டு, அந்தக் கண்ணாடியைத் தம் பழைய புடவை ஒன்றில் சுற்றிப் பீரோவின் மேல் எடுத்து வைத்துக் கொண்டார். அந்த மழை அவருக்கு வேண்டியிருக்கிறது. வண்டிக்குள் வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

* * *

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கும் திருப்திதான். ஆனால் கடைசி நாள் மேஸ்திரி சொன்னதையும் எழுதாவிட்டால் கடமை தவறியவனாவேன்.

"உங்களிடம் இந்த வேலையைக் கற்றுக் கொள்ளுகிறவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்டேன்.

"ரெண்டு பசங்க இருக்காங்க. பத்த வெக்கிறதும் போல்ட்டு முடுக்கறதும் நல்லாச் செய்வாங்க. தகடு தட்ட ஒருத்தனும் வரலீங்க. எதுக்குங்க வருவான்? இப்பல்லாம் கேபின் கம்பெனியிலயே செஞ்சு வந்துருதுங்களே" என்றார்.

அவர் சொன்னது நிஜம். ஆலையிலேயே அச்சில் அடித்துச் செய்த முழு அறையோடு லாரிகள் வருவது வர வர அதிகமாகிறது. 2025 அக்டோபர் முதல் தேதிக்குப் பிறகு தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் டிரைவர் அறைக்குக் குளிர்சாதனம் இருக்க வேண்டும் என்று 2023 டிசம்பரில் விதி செய்திருக்கிறார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். நாமக்கல்லிலிருந்து காஷ்மீரம் வரையில் ஓட்டுகிற மனிதனுக்குக் குளிர்ந்த காற்றும், மோதினால் நசுங்காத அறையும் கிடைப்பது தர்மம். மரச் சட்டத்தில் தகடு அடித்த பழைய அறையை அதற்காக விட்டுக் கொடுக்கலாம்.

ஆனால் அறையோடு சேர்த்து அதைச் செய்த கையையும் விட்டுக் கொடுக்க வேண்டுமா? அச்சு எந்திரம் ஒரே மாதிரி லட்சம் கூரைகளை அடிக்கும். நாற்பது வருஷத்துக்கு முந்திய வண்டிக்கு ஒரே ஒரு கூரை வேண்டுமென்றால் அது திரும்பிப் பார்க்காது. பழைய வண்டிகளைச் செப்பனிடுவது மேல் நாடுகளில் நல்ல வருமானமுள்ள தொழில். அந்த வேலைக்கு வேண்டிய கைகள் நம் ஜில்லாவிலேயே இருக்கின்றன. நம் தொழிற் பயிற்சி நிலையங்களில் தகட்டு வேலை ஒரு பாடமாகத்தான் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் இந்த மேஸ்திரிகளில் ஒருவரை வகுப்புக்கு அழைத்து, மணல் மூட்டையையும் கொட்டாப்புளியையும் பையன்கள் கையில் கொடுக்கச் செய்தால் என்ன? பெரிய செலவு ஒன்றும் இல்லை. இன்னும் பத்து வருஷம் கழித்து அழைத்தால், வருவதற்கு ஆள் இருக்க மாட்டார்.

நண்பரின் வண்டிமேல் இதற்குள் ஒரு வருஷத்து வெயிலும் ஓர் ஐப்பசியும் போய்விட்டன. கோடும் தெரியவில்லை, தண்ணீரும் வரவில்லை. சென்ற மாதம் அதில் ஏறி மறுபடியும் நாமக்கல்லுக்குப் போனோம். நல்ல மழை. ஆஞ்சநேயர் வழக்கம்போல் நனைந்து கொண்டு நின்றார். நாங்கள் வண்டிக்குள் உலர்ந்தபடி உட்கார்ந்து அவரைச் சேவித்தோம். திரும்பும்போது பட்டறை வாசலில் நிறுத்தினோம். மேஸ்திரி வெளியே வந்து, ஈரக் கூரையின்மேல் உள்ளங்கையை வைத்து ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே திரும்பி, "டேய், அந்தக் கொட்டாப்புளியை எடுத்துக்கிட்டு இங்க வா!" என்று ஒரு பையனைக் கூப்பிட்டார்.